ரெண்டு தபா பார்க்கிறவர்

அன்றைக்குச் சவுக்குத் தோப்பில் இருந்தவர்கள்: அவர், அவருடைய மச்சான் சேகர், டீ எடுத்து வந்திருந்த மல்லிகாக்கா, நான். அவ்வளவுதான். பின்னால் ஊர்க்கூட்டத்தில் வேறு மூன்று பேர் எழுந்து, தாங்களும் அங்கே நின்றதாகச் சொன்னார்கள். அவர்கள் அப்போது மீன் ஏலத்தில் இருந்தார்கள். இதை முதலில் எழுதிவிட்டால்தான் எனக்கு மேற்கொண்டு கை ஓடும். அன்றைக்குத்தான் என் இடது கண் போனது. ஆனால் கண்ணைப் பற்றி நினைக்க உட்கார்ந்தால் கண் ஞாபகம் வருவதில்லை. அவர் ஞாபகம்தான் வருகிறது.

அவர் பேரை எழுதப்போவதில்லை. குப்பத்தில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் தம்பி, சின்னவர்களுக்கு அண்ணன். அவருக்கு இரண்டு ஃபைபர் படகு உண்டு. கடலுக்கும் போகும், ஏரிக்கும் போகும். நாங்கள் படகு இல்லாதவர்கள். ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்து, கழுத்தில் தொங்கும் பறியில் போட்டுக்கொள்கிறவர்கள். அவர் படகு போகும்போது அலை வந்து எங்கள் வாயில் அடிக்கும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் அதன் மேல் எழுதியிருப்பதை நம்ப மாட்டார். விற்கிறவன் சொல்வதையும் நம்ப மாட்டார். யார் உடம்பிலாவது வைத்துப் பார்த்த பிறகுதான் நம்புவார். அதையும் ஒரு முறை பார்த்து விட மாட்டார். "ஒரு தபா நடந்தா அது தற்செயலு. ரெண்டாவது தபாவும் நடந்தாத்தான் அது நெசம்" என்பார். நண்டு குத்தாத கையுறை என்று ஒருவன் சைக்கிளில் கொண்டுவந்து விற்றபோது, என் கையில் அதை மாட்டி நண்டுக் கூடைக்குள் விடச் சொன்னார். நண்டு ஒன்றும் செய்யவில்லை. இன்னொரு முறை விடச் சொன்னார். கட்டைவிரல் நகம் பிய்ந்தது. விற்க வந்தவனைப் பார்த்து, "எட்த்துகினு போ நைனா" என்று மெதுவாகச் சொன்னார். குரல் உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அந்த உடம்பு ஏன் எப்போதும் என் உடம்பாகவே இருந்தது என்று என் மனைவி கேட்பாள். நானும் அவரிடம் ஒரு முறை கேட்டிருக்கிறேன். அப்போது அவர் வலையில் ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"தைரியக்காரன் கிட்ட கேட்டா வலிக்கலன்னு பொய் சொல்லுவான். நீ பயந்தவன். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிடுவ."

கேட்டதும் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு எல்லாவற்றிலும் பயம். கயிறு கட்டிவிட்டு வந்தால், கட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். அடுப்பு அணைந்ததா என்று மனைவியைப் பாதிச் சோற்றில் எழுப்புவேன். கணக்கு வாத்தியார் பலகைக்குக் கூப்பிடுவாரோ என்று பயந்து பயந்தே ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நான் ஆபத்து என்று சொன்னால் குப்பத்தில் சிரிப்பார்கள். அவர் ஒருவர்தான் சிரிக்காமல் கேட்டவர். நான் பயப்பட்டால் அந்தச் சாமானைத் தூக்கிப் போடுவார். என் பயத்துக்கு இந்த உலகத்தில் ஒரு மதிப்பு இருந்தது என்றால் அது அவரிடத்தில்தான். இதைச் சொன்னால் என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மானியத்தில் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறம், முதுகில் முத்திரை. எல்லாரும் வாங்கி வீட்டில் ஆணியில் மாட்டினார்கள். அவர் இரண்டு விதத்தில் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு என்னைப் படகில் ஏற்றி முகத்துவாரத்துக்குக் கொண்டுபோனார். ஏரித்தண்ணீரும் கடல்தண்ணீரும் இடித்துக்கொள்கிற இடம். ஒன்றை மாட்டச் சொல்லி முதுகில் கையை வைத்துத் தள்ளிவிட்டார். மிதந்தேன். ஏற்றி, மறுபடியும் தள்ளினார். மிதந்தேன். அடுத்ததை மாட்டினார். முதல் முறை மிதந்தது. இரண்டாவது முறை தண்ணீர் குடித்துக் கனத்து, என்னைத் தலைகீழாகத் திருப்பியது. அவர் கம்பால் கொக்கி போட்டு இழுத்து மேலே ஏற்றினார். வாந்தி எடுத்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு, எத்தனை நேரத்தில் கனத்தது என்று கேட்டார். அன்று மாலைக்குள் அந்த வகைச் சட்டை ஒன்று விடாமல் குப்பத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டது. என்னால் எத்தனை உயிர் பிழைத்தது என்று யாரும் சொல்லவில்லை. அவரால் பிழைத்தது என்று சொன்னார்கள்.

ஏன் நீங்களே போட்டுப் பார்க்கக் கூடாது என்று மல்லிகாக்கா ஒரு நாள் டீ ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டாள். அவளுக்கு மட்டும் அந்த வாய் உண்டு. அவர் யோசித்துவிட்டு, "நான் செத்துட்டா அடுத்தத யாரு பாப்பாங்கக்கா" என்றார். அதில் கேலி இல்லை.

சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து படகு சவாரிக்கு வருகிற கூட்டத்தை வைத்து வேறு ஏதாவது செய்யலாம் என்று யோசனை வந்தது. சேகர் எங்கோ பார்த்துவிட்டு வந்து பெயிண்ட் பால் என்றான். துப்பாக்கியில் சாயக் குண்டு போட்டு ஒருவரையொருவர் சுட்டு விளையாடுவது. குண்டு உடைந்தால் சட்டையில் சாயம், பட்டவன் அவுட். அவர் வீட்டுச் சவுக்குத் தோப்பு சும்மாத்தான் கிடந்தது. பங்குக்குப் பணம் போட்டார்கள். என்னிடம் பணம் இல்லை. முகமூடி கழுவ, கீழே கிடக்கிற குண்டைப் பொறுக்க, பிறகு "பாத்துச் சொல்ல" என்று எனக்கு அரைப் பங்கு கொடுத்தார். அவராகத்தான் கொடுத்தார்.

சாமான் வாங்கச் சென்னைக்கு என்னையும் கூட்டிப்போனார். கடையில் இருந்த பையன் நன்றாகத்தான் பேசினான். முதல் தடவை ஆடுகிறவர்களுக்குத் துப்பாக்கி எதுவானாலும் பரவாயில்லை, முகமூடிதான் முக்கியம் என்றான். விலை குறைந்த முகமூடியே ஆரம்பத்துக்குப் போதும் என்றும் சொன்னான். அவர் தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சட்டையைக் கழற்றினேன்.

கடைக்குப் பின்னால் கிடங்கு. அட்டைப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்க வைத்தார். விலை குறைந்ததை மாட்டியதும் என் மூச்சே கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது. அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. குண்டு நெற்றியில் பட்டது, பிறகு மறுபடியும் அதே இடத்தில். வலியை விட, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாததுதான் பொறுக்கவில்லை.

"இன்னா சொல்லு."

"ஒண்ணும் தெரியலண்ணா. ஒரே பொகை."

"தெரியலன்னா இன்னா பண்ணத் தோணுது?"

"மூடியத் தூக்கிட்டுப் பாக்கலாம்னு."

அவர் கடைப் பையனிடம் திரும்பினார். "கேட்டுகினியா. புதுசா வர்றவன் தூக்குவான். தூக்குன நேரத்துக்கு எதுத்தாப்புல இருக்கறவன் சுடுவான். கண்ணு பூடும். இது வாணாம்."

இரண்டாவது முகமூடியில் தாடை வெளியே தெரிந்தது. தாடையில் சுட்டார். மூன்றாவதில் கண்ணாடி இரண்டு அடுக்கு. ஆவி படியவில்லை. காது, தாடை எல்லாம் மூடியிருந்தது. அதைத்தான் எடுத்தார், விலையைக் கேட்காமலே. துப்பாக்கி எடுக்கும்போது பெரியதைக் காட்டிய பையனிடம் வேண்டாம் என்றார். புதிதாக வருகிறவன் கூட வந்த பெண்கள் பார்க்கப் பெரியதைத்தான் கேட்பான், கையில் சின்னதுதான் இருக்க வேண்டும் என்றார். கழுத்துக்குப் பட்டை, மாருக்குக் கவசம் என்று ஒவ்வொன்றுக்கும் கவசத்தின் மேல் ஒன்று, கவசம் இல்லாத இடத்தில் ஒன்று என்று சுட்டுப் பார்த்தார். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் முகமூடி வேண்டும் என்று கூடுதலாக வாங்கினார். கடைப் பையன் கடைசியில் அவரை சார் என்று கூப்பிட்டான். என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் சட்டையைத் தூக்கி, நெஞ்சில் காசு காசாகக் கன்றிப் போயிருந்ததைக் கண்டக்டரிடம் காட்டினார். கவசம் இருந்த இடம் இது, இல்லாத இடம் இது என்று விரல் வைத்து விளக்கினார். பின்சீட்டு வரை எட்டிப் பார்த்தார்கள். "இவன்தாங்க எங்க மீட்டரு" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. சட்டையைக் கீழே விட அவர் மறந்துவிட்டார், நானும் அவர் கையைத் தட்டிவிடவில்லை. குப்பத்துக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு அந்தப் பேர் வந்துவிட்டது. என் மாமியார்கூட, மீட்டர் சாப்டாச்சா என்று கேட்டாள்.

தோப்பு நன்றாக ஓடியது. வந்தவர்கள் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆட்டம் தொடங்கும் முன் அவர் ஒவ்வொருவர் முகமூடியையும் தானே இழுத்துப் பார்ப்பார். அவ்வளவு கவனம். பணக்காரப் பிள்ளைகள், அங்கிள் அங்கிள் என்று அவரோடு படம் எடுத்துக்கொள்வார்கள்.

பிறகு மழை வந்தது. விடாமல் பெய்தது. சாயக் குண்டின் தோல் மருந்து மாத்திரைத் தோல் மாதிரி மெல்லியது. ஈரத்திலும் உப்புக் காற்றிலும் அது ஊறிப் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டி மீன் சினை போலக் கொழகொழத்துப் போனது. துப்பாக்கிக்குள்ளேயே உடைந்தது. மிச்சம் இரண்டு பெட்டி நல்லதாக இருந்தது. அதுவும் கெட்டுவிடும் என்று பயந்தோம். எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. கெடுகிற பொருள் என்றால் ஐஸ். மீன் போடுகிற தெர்மாகோல் பெட்டியில் ஐஸை உடைத்துப் பரப்பி, குண்டுப் பொட்டலங்களை நடுவில் வைத்து, மேலேயும் ஐஸ் போட்டு மூடினோம். ஐஸ் உடைத்தது நான்தான். அங்கே இருந்த ஒருவருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை காலேஜ் பிள்ளைகள் ஒரு வேன் நிறைய வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் பெட்டியைத் திறந்தோம். குண்டுகள் உருண்டையாக, பளபளப்பாக இருந்தன. சேகருக்குச் சந்தோஷம். நான் ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்துப் பார்த்தேன். பல் கூசியது. அமுக்கினால் உள்ளே சாயம் அசையவில்லை.

"அண்ணா, கல்லு மாதிரி கீதுண்ணா" என்றேன்.

"பயமா கீதா உனுக்கு?"

"கீதுண்ணா."

"அப்ப மாட்டு" என்றார்.

நான் போய் நின்றேன். இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவில், எப்போதும் நிற்கிற இடம். மல்லிகாக்கா தூக்குப் பாத்திரத்தோடு அவர் பக்கத்தில் நின்றிருந்தாள். சேகர் வேன் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் குண்டு உடையவில்லை. எப்போதும் கேட்கிற பொத்தென்ற சத்தம் இல்லை, கட்டையில் சுத்தியல் பட்ட சத்தம். கண்ணாடி இடது பக்கம் சட்டத்திலிருந்து கழன்று உள்ளே மடங்கி என் கன்னத்தில் இடித்தது. இடது கண்ணுக்கு முன்னால் வெறும் வெளிச்சம். நான் சொன்னது இவ்வளவுதான்.

"அண்ணா, இரு."

கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். அது தனக்குக் கேட்டது என்று மல்லிகாக்கா இன்றைக்கும் சொல்கிறாள். அவர் அவளை உரசிக்கொண்டு நின்றிருந்தார்.

இரண்டாவது குண்டும் உடையவில்லை.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். கைக்குள் சூடாக ஏதோ வழிந்தது. அவர் நடந்து வந்தார், ஓடி வரவில்லை. என் கையை விலக்கி உற்றுப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த பாக்கு வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

"மொதலாவதா, ரெண்டாவதா?" என்று கேட்டார்.

"ரெண்டாவதுண்ணா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சேகரைப் பார்த்து, "பொட்டிய அப்டியே கொட்டிடு. பசங்களுக்கு ஒண்ணுகூட குடுக்காத" என்றார். அதன் பிறகுதான் தோளில் இருந்த துண்டை எடுத்து என் முகத்தில் கட்டினார்.

பொன்னேரிக்குப் போய், அங்கிருந்து சென்னைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அவர்தான் கூட்டிப்போனார். ஆட்டோவுக்கு அவர்தான் கொடுத்தார். ராத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தார், காலையில் இட்லி வாங்கி வந்து ஊட்டினார். நல்லவரா கெட்டவரா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் வருவதற்கு முன்பே, என் நல்ல கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடி, முகத்துக்கு நேரே விரல் காட்டி எத்தனை என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். கையை எடுத்துவிட்டு, மறுபடியும் மூடி, மறுபடியும் கேட்டார். தெரியவில்லை என்றேன். அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதை அவர் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. வேனில் வந்த பிள்ளைகள் மேல் அந்தக் குண்டு பட்டிருந்தால் போலீஸ், கேஸ், ஊரே நாறியிருக்கும் என்று எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். அப்போதுதான் அந்த மூன்று பேரும் எழுந்து, தாங்களும் அங்கே நின்றதாகவும் எல்லாம் முறையாகத்தான் நடந்ததாகவும் சொன்னார்கள். எனக்கு ஏதாவது கொடுக்கலாமே என்று மல்லிகாக்கா ஓரத்தில் நின்று கேட்டாள். தடவிப் பிடிக்கிறவனுக்குக் கண் எதற்கு, கைதானே வேலை செய்கிறது என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கை காட்டி அடக்கினார். எனக்காக ஏதோ சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பங்குத் தொழிலில் எங்களிடம் ஒரு வழக்கம். பங்கில் வாங்கின வலை கிழிந்தாலும், துடுப்பு போனாலும், அந்த நேரத்தில் அது யார் கையில் இருந்ததோ, அதன் விலை அவன் கணக்கு. இல்லாவிட்டால் ஆளாளுக்கு அலை மேல் பழி போட்டுவிடுவான். அவர் அதைத்தான் எடுத்துச் சொன்னார். முகமூடி பங்கில் வாங்கினது. உடைந்தபோது என் முகத்தில் இருந்தது.

மல்லிகாக்கா விடவில்லை. "அப்ப அவன் கண்ணு?"

"கண்ணு பங்குல வாங்குனது இல்லியேக்கா" என்றார் அவர். மெதுவாக, வருத்தத்தோடுதான் சொன்னார்.

அவர் வாங்கினதிலேயே விலை கூடின முகமூடி அது.

அதற்கப்புறம் எனக்கு ஏரியில் இறங்கினால் கரை எந்தப் பக்கம் என்று குழம்பும். இடது பக்கத்திலிருந்து படகு வந்தால் தெரியாது, அலை அடித்த பிறகுதான் தெரியும். இருந்தாலும் இறங்கினேன். தோப்பை மூடிவிட்டார்கள். அவர் என்னைக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். எதிரே வந்தால் என் வலது பக்கமாக வந்து நிற்பார், நான் பார்க்க வேண்டும் என்று. பேச மாட்டார்.

கடைசியாகக் கூப்பிட்டது அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு. சேகர் வந்து, "மீட்டரு, உன்ன வரச் சொல்றாரு" என்றான். போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார், ஆள் பாதியாகியிருந்தார். புது மாத்திரை அட்டை பிரிக்காமல் பக்கத்தில் இருந்தது. அவருடைய சம்சாரம் கதவோரம் அழுதுகொண்டு நின்றாள். எவ்வளவு கெஞ்சியும் முழுங்க மாட்டேன் என்கிறார் என்றாள். அவர் அட்டையை என் பக்கம் நகர்த்தினார்.

நான் ஒன்றை முழுங்கினேன். காத்திருந்தார். விரலால் காட்டினார், இன்னொன்று. அதையும் முழுங்கினேன்.

"இன்னா சொல்லு."

எனக்குத் தலை சுற்றியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. எனக்கு அந்த வீட்டுக்குள் நுழையும்போதே அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்டது அப்போது எப்படி இருக்கிறது என்று. நான் அவரிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

"படபடன்னு வருதுண்ணா. பயமா கீது."

அவர் அட்டையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டார். சம்சாரம் எடுக்கக் குனிந்தபோது கையை நீட்டித் தடுத்தார். "இவன் சொல்லிட்டான் இல்ல" என்றார். அந்த வாரமே போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் பங்குக் கணக்கு எல்லாம் சேகர் கைக்கு வந்தது. அவன் இப்போது நண்டு வியாபாரமும் பார்க்கிறான். நான் பிடித்துப் போகிற நண்டை அவனிடம்தான் போட வேண்டும். எடை போட்டு, காசை எண்ணி, அதில் நூறு ரூபாயை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். முகமூடிக்கு என்பான். போன வெள்ளிக்கிழமையும் எடுத்தான். இன்னும் எவ்வளவு என்று கேட்டேன். ஆயிரத்து அறுநூறு என்றான்.